கட்டுநாயக்காவுல இருந்து பையன் வீடு வரைக்கும்

கட்டுநாயக்கா ஏர்போட்டுல இருந்து டொரன்டோவுக்கு பதினாலாயிரம் கிலோமீட்டராம். இத எனக்கு மொத மொத சொன்னது ஒரு கல்யாணத் தரகரு. அந்தாளு வாழ்க்கையில ஏறின பெரிய வாகனம் கொட்டகலையில இருந்து தலவாக்கலைக்கு வர்ற பஸ்ஸு. அதுலயும் மிதிபலகையில தொங்கிக்கிட்டு தான் வருவாரு. அவரு எங்க லயத்துக் காம்பராவுக்குள்ள, அதான் வரிசையா கட்டின ஒத்த ரூமு வீட்டுக்குள்ள வந்து, இருந்த ஒரே நல்ல கதிரையில உக்காந்து, தொண்டைய செருமிட்டு "பதினாலாயிரம்"ன்னாரு. வெல சொல்றாருன்னு நெனச்சு, "கொஞ்சம் கொறைங்களேன்"ன்னேன்.

என் பொண்டாட்டி தலையில அடிச்சுக்கிட்டா. என் தலையில இல்ல, அவ தலையில. அந்த மட்டுக்கு மரியாத இருந்திச்சு, ஆளு வந்திருக்காங்கள்ல.

"அது தூரம்ணே," தரகரு சொன்னாரு. "ப்ளேன் போற தூரம். மாப்பிள்ள அம்புட்டு தூரத்துல இருக்காரு."

"அத தான் கொறைக்க சொன்னேன்."

"இவரு இப்புடி தாங்க. நீங்க சொல்லுங்க," பொண்டாட்டி தேத்தண்ணிய அவரு கையில குடுத்தா.

என்னைய பத்தி ஒரு வார்த்த சொல்லிடுறேன். மூணாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு பெரிய மனசு பண்ணி விடுதல குடுத்தவன் நானு. அக்கரப்பத்தன பக்கம் ஒரு தோட்டத்துல கவ்வாத்து வெட்டுறது தொழில். தேயில மரம் வளந்து உயரமா போனா தலைய வெட்டி மட்டமாக்கி விடணும், அது தான் கவ்வாத்து. மரம் திருப்பி பேசாது, அதனால எனக்கும் அந்த வேலைக்கும் ஒத்து வந்திச்சு. வீட்டுல ரெண்டு பேரு இருக்காங்க, ரெண்டு பேரும் திருப்பி பேசுவாங்க. ஒண்ணு பொண்டாட்டி. கொழுந்து எடுக்குறா. இன்னொண்ணு எங்களுக்கு இருக்குற ஒரே மக. படிச்சவ, ஹட்டன் டவுனுல மருந்துக் கடையில நிக்கிறா. அந்த மகளுக்கு தான் பதினாலாயிரம் கிலோமீட்டர்ல இருந்து மாப்பிள்ள.

எங்க பக்கத்துல மரியாதைய கிலோமீட்டர்ல தான் அளக்குறாங்க. அடுத்த காம்பரா பையன் டோஹாவுக்கு போனான். அன்னைக்குல இருந்து அவங்க அம்மா பேசுற தொனியே மாறிப் போச்சு, ஏதோ டோஹாவ அவ தான் கட்டின மாதிரி. மேல் லயத்துல ஒருத்தன் லண்டன் போனான். அவன் அப்பன் காலையில வேலைக்கு பேரு கொடுக்க பெரட்டு களத்துல நிக்கிறப்ப கூட தோள்ல துண்ட மடிச்சு போட்டுக்கிட்டு நிக்கிறான். கொழும்புல தேத்தண்ணிக் கடையில வேல செய்ற பையன் ஒருத்தனும் இருக்கான். தவறாம வந்து அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறான், மருந்து வாங்கி குடுக்குறான், கூரையில ஒழுகுற தகரத்த மாத்தி போடுறான். அவனுக்கு ஒரு பயலும் பொண்ணு குடுக்க வரல. வர்றவனுக்கு மரியாத இல்ல, வராதவனுக்கு தான் மரியாத. இந்த லட்சணத்துல எங்கள தோட்டத்து தொரைமாரு ஏமாத்துறாங்கன்னு நாங்க கொற சொல்றோம்.

தரகரு போனதும் என் பொண்டாட்டி பீலிக்கு தண்ணி எடுக்க போனா. கொடத்த எடுத்துட்டு போகவே இல்ல. சேதிய மட்டும் எடுத்துட்டு போனா. திரும்பி வர்றதுக்குள்ள ஆறு லயத்துக்கும் தெரிஞ்சு போச்சு, எங்க மக கனடா போறான்னு. எனக்கே அப்ப தான் பாதி தெரியும்.

தரகரு அதுக்கப்புறம் பல தடவ வந்தாரு. ஒவ்வொரு தடவையும் தூரம் அதே பதினாலாயிரம் தான், ஆனா நேரம் மட்டும் மாறும். மொத தடவ பதினாலு மணி நேரம்ன்னாரு. மணிக்கு ஆயிரம், கணக்கு நேரா வருதேன்னு அவருக்கு ஒரு சந்தோசம். அடுத்த தடவ பதினெட்டு. அப்புறம், "நடுவுல எறங்கி ஏறணும், ஒரு நாள்னு வச்சுக்கோங்களேன்." இவரு வாயில ஏறின ப்ளேனு மட்டும் தான் நாள் போக போக மெதுவா போகும்.

மக போன்ல தட்டி காட்டினா. எலங்கையில ஒரு புள்ளி, கனடாவுல ஒரு புள்ளி, நடுவுல ஒரு கோடு.

"இது நேர் கோடுப்பா. இந்த வழியில ப்ளேன் போகாது. டோஹாவுலயோ டுபாய்லயோ எறங்கி வேற ப்ளேன் மாறணும்."

"அப்ப இந்த கோட்டுல யாரு போறா?"

"யாரும் போறதில்ல."

யாருமே போகாத பாதைய அளந்து வச்சிருக்கானுங்க! எங்கள மேய்க்கிற தோட்டத்து கண்டாக்கு தான் இப்புடி, மலைக்கு போகாமலே ஆபிஸ்ல இருந்து மலைய அளப்பான்னு நெனச்சேன். உலகம் பூரா அப்புடி தான் போல.

"எங்க காம்பரா வாசல்ல இருந்து கணக்கு போடு"ன்னேன். அவ சிரிச்சுக்கிட்டே போட்டா. இங்கருந்து தலவாக்கலைக்கு பஸ்ஸு, அது வந்தா. அங்கருந்து ஹட்டன். ஹட்டன்ல வேன் புடிச்சு கினிகத்தேன வழியா எறங்கணும், மழ பெஞ்சா அங்க மண்ணு சரிஞ்சு கெடக்கும். அதெல்லாம் தாண்டி கட்டுநாயக்கா போய் சேர்றதுக்குள்ள, டோஹாவுல இருந்து ஒருத்தன் ப்ளேன்ல வந்து எறங்கி சோறு தின்னுட்டு தூங்கிருவான். போன் இதெல்லாம் கணக்குலயே எடுக்குறதில்ல. கட்டுநாயக்காவுல தான் மனுசன் பொறக்குறான்னு நெனப்பு அதுக்கு.

நான் இப்புடி தூரத்த புடிச்சுக்கிட்டு தொங்கினதுக்கு ஒரு காரணம் இருக்கு. அத தமாஸா சொல்ல எனக்கு வராது, அதனால சீக்கிரமா சொல்லிடுறேன். என் அக்காவ கட்டினவருக்கு இந்தியா பாஸ்போட்டு. தோட்டத்து ஆளுங்கள இந்தியாவுக்கு திருப்பி அனுப்பின காலம் அது. நான் பொடியனா இருந்தப்ப அவங்கள கொட்டகல ஸ்டேசன்ல கோச்சி ஏத்தி விட்டோம். தலைமன்னார்ல கப்பல், அந்தப் பக்கம் ராமேஸ்வரம். கண்ணுக்கு தெரியிற தூரம்னு அப்ப எல்லாரும் எங்க அம்மாவுக்கு ஆறுதல் சொன்னாங்க. அக்கா அதுக்கப்புறம் வரல. அம்மா செத்தது அவளுக்கு எப்ப தெரிஞ்சிச்சோ, தெரிஞ்சிச்சோ இல்லையோ, அதுவும் தெரியாது. அதனால பொண்ண கேட்டு எவன் வந்தாலும் என் வாயில மொதல்ல வர்ற கேள்வி, "எவ்வளவு தூரம்?" ரெண்டாவது கேள்வி, "திரும்பி வர?" பொண்டாட்டி இத நோய்ம்பா. இருக்கலாம்.

சரி. எங்க ஆளுங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. பொண்ணு குடுக்க முன்ன பையன் வீட்ட போய் பாக்கணும். அடுப்பு எப்புடி, தண்ணி எங்கருந்து வருது, கூரை ஒழுகுதா, எத்தன பேரு படுக்குறாங்கன்னு பாத்துட்டு வரணும். பாக்க போற எடத்துல கை நனைக்கப்படாது. தேத்தண்ணி, பலகாரம், ஒண்ணும் வாயில படப்படாது. கை நனைச்சா சம்மதம்னு அர்த்தம். அப்புறம் மறுத்தா அது அவங்கள அசிங்கப்படுத்துன மாதிரி, பெரிய சண்டையில போய் முடியும். நான் தரகர்கிட்ட வீட்ட பாக்கணும்னு சொன்னேன்.

"வீட்டயா? அண்ணே, அது கனடாண்ணே!"

"கனடாவா இருந்தா என்னா, வீட்டுக்கு கதவு இருக்கும்ல?"

"ஹட்டன்ல பையனோட அப்பா அம்மா வீடு இருக்கே, டைல்ஸ் போட்டு. அத பாருங்களேன்."

"என் மக அங்கயா குடும்பம் நடத்தப் போறா?"

"சீச்சீ. அது பையன் வீடே இல்லண்ணே. பையன் வீடு கனடாவுல தான். சொந்த வீடு."

கடைசியில அவரே ஒரு வழி கண்டுபுடிச்சாரு. ஞாயித்துக்கெழம காலையில ஹட்டன் வீட்டுக்கு எல்லாரும் போறது, அங்க பெரிய டிவி இருக்கு, பையன் வீடியோவுல வந்து வீட்ட சுத்தி காட்டுவாரு. மக தானும் வருவேன்னா. பொண்ணு வீடு பாக்க போற வழக்கம் இல்லன்னு அம்மாக்காரி கத்தினா. "நான் இருக்கப் போற வீட்ட என்னைய தவிர எல்லாரும் பாக்கணுமா?"ன்னு மக கேட்டா. அவளையும் கூட்டிட்டு போறதுன்னு ஆச்சு.

பஸ்ஸுல போறப்ப பொண்டாட்டி என் காதுல ஓதிக்கிட்டே வந்தா. "இந்தா பாருங்க, தண்ணி கூட குடிக்கப்படாது. வெளங்குதா? வாய தொறந்தா பேசுறதுக்கு மட்டும். அதுவும் வேணாம், வாய தொறக்கவே வேணாம்." முன்னால நின்ன கண்டக்டரு, "இஸ்ஸரஹாட்ட, இஸ்ஸரஹாட்ட"ன்னு சிங்களத்துல சொல்லி எல்லாரையும் முன்னுக்கு தள்ளிக்கிட்டு இருந்தான். அன்னைக்கு எனக்கு மரியாதையா பேசினது அவன் ஒருத்தன் தான்.

பையனோட அப்பா ஒரு காலத்துல தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தவரு. வேலைய விட்டு வருசமாச்சு, ஆனா இன்னமும் தராசுல கொழுந்து நெறுக்கிற மாதிரியே மனுசன பாப்பாரு. கூடைக்கு இவ்வளவு கழிச்சுக்கலாம்னு ஒரு கண்ணு. "செருப்ப வெளிய வைங்க, டைல்ஸ்"ன்னாரு. நான் செருப்ப வெளிய வச்சேன். உள்ள போனதும் என் கால அவரு பாத்த பார்வையில, காலையும் வெளிய வச்சிட்டு வந்திருக்கணும்னு பட்டிச்சு.

பையனோட அம்மா நல்லா உடுத்தியிருந்தாங்க. வந்ததும் வராததுமா, "எங்க மகன் வீட்டுல தண்ணியே சுடு தண்ணி தான் வரும், இங்க மாதிரி கூதல்ல நிக்க வேண்டியதில்ல"ன்னு ஆரம்பிச்சாங்க. எங்க முன்னால ஒரு சின்ன மேச. அதுல ஒரு தட்டு நெறைய பொரிச்ச ரோல்ஸ், சூடா, ஆவி பறக்குது. நான் அத பாக்காம செவத்த பாத்தேன். செவத்துல பையன் போட்டோ. பனியில நிக்கிறான்.

டிவியில பையன் வந்தாரு. அங்க இன்னும் சனிக்கெழம ராத்திரியாம். நேத்துல இருக்குற மாப்பிள்ளைக்கு நான் இன்னைக்கு பொண்ணு குடுக்கணும். ஆனா ஆளு பாக்க பாவமா இருந்தாரு. மெலிஞ்ச மொகம், கண்ணு செவந்து, வேலையில இருந்து வந்த அலுப்பு தெரிஞ்சிச்சு. "வணக்கம் மாமா, வணக்கம் அத்த"ன்னாரு. என் மகள பாத்து ஒரு சிரிப்பு. அவளும் திருப்பி ஒண்ணு சிரிச்சு வச்சா.

"தம்பி, அடுப்ப காட்டுங்க"ன்னேன்.

காட்டினாரு. நாலு வாய் அடுப்பு. பொண்டாட்டி வாய தொறக்க வேணாம்னு என்கிட்ட சொன்னவ, "எம்மாடி!"ன்னு அவ வாய தொறந்தா.

"தண்ணி?"

பைப்ப தொறந்து காட்டினாரு.

"கூரைய காட்டுங்க."

போன மேல தூக்கினாரு. வெள்ளையா இருந்திச்சு.

"தகரமா, அஸ்பெஸ்டாஸா?"

கணக்கப்பிள்ள மூக்கால சிரிச்சாரு. "அதுக்கு மேல இன்னொரு வீடு இருக்குங்க. மாடி. நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"சரி, கதவ தொறந்து வெளிய காட்டுங்க தம்பி. முன் வாசல் இஸ்தோப்பு எப்புடின்னு பாப்போம்."

பையன் வெளிக் கதவு கிட்ட வந்தாரு. அங்க சப்பாத்து குமிஞ்சு கெடந்திச்சு, ஆம்பள சப்பாத்து, ஒரு கடை போடலாம். "இம்புட்டும் உங்களோடதா?"ன்னேன். "கூட இருக்குற பையன்களோடது மாமா"ன்னாரு. தரகரு திடீர்னு சன்னலுக்கு வெளிய எதையோ பாக்க ஆரம்பிச்சாரு. பையன் கதவ தொறந்தாரு. நீளமா ஒரு வராந்தா, ரெண்டு பக்கமும் கதவு, கதவுக்கு பக்கத்துல கதவு, எல்லாம் ஒரே நிறம், ஒவ்வொண்ணுக்கும் நம்பரு.

நான் எழும்பியே நின்னுட்டேன். "இது லயம்ல!"

"என்னங்க பேசுறீங்க?" கணக்கப்பிள்ள.

"பாருங்களேன். ஒரே வரிச, ஒரே கதவு, பக்கத்து வீட்டுல இருமினா இங்க கேக்கும். கேக்குமா தம்பி?"

"கேக்கும் மாமா," பையன் சிரிச்சுட்டாரு. "இருவத்திரண்டு மாடி லயம்."

எங்க தாத்தன் காலத்துல இருந்து லயத்த விட்டு வெளிய வர தான் எல்லாரும் தலகீழா நிக்கிறோம். பதினாலாயிரம் கிலோமீட்டர் பறந்து போய் ஒரு மனுசன் லயத்துல தான் எறங்கணுமா! இத நெனச்சு நெனச்சு டிவியவே பாத்துக்கிட்டு உக்காந்தேன். அந்த வராந்தாவுல யாரோ ஒரு வெள்ளக்காரன் ஒரு கதவ தொறந்து வந்து, இந்த பையன பாத்து தலையாட்டிட்டு போறான். லயத்துல வெள்ளக்காரன் குடியிருக்கான்! என் வாழ்க்கையில பாத்த சினிமா எல்லாம் இதுக்கு கிட்ட வராது.

அப்ப தான் கணக்கப்பிள்ள கைய தட்டினாரு.

"சம்பந்தி கை நனைச்சாச்சு!"

கையில பாத்தா பாதி ரோல்ஸ். மத்த பாதி வாயில. எப்ப எடுத்தேன், எப்ப கடிச்சேன், சத்தியமா தெரியாது. உள்ள மீனு வச்சிருந்தாங்க. நல்ல மீனு. பொண்டாட்டி என்னைய பாத்தா. கவ்வாத்து கத்தி அப்ப அவ கையில இருந்திருந்தா இந்த கதைய நான் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன். மக மொகத்துல ரத்தமே இல்ல. அது வரைக்கும் அவ வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. பாத்துட்டு சொல்றேன்னு இருந்தா. அவ சொல்ல வேண்டியத அவ அப்பன் வாயில மென்னுக்கிட்டு இருந்தான்.

தரகரு கை குடுக்க ஓடி வந்தாரு. பையனோட அம்மா உள்ள போயி குங்குமச் சிமிழ எடுத்துட்டு வந்தாங்க. நான் வாயில இருந்தத முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல, டைல்ஸ் வேற. கடைசியில முழுங்கினேன்.

"இருங்க இருங்க"ன்னேன். "இது யாரு வீடு?"

"என் வீடு," கணக்கப்பிள்ள நெஞ்ச நிமித்தினாரு.

"பையன் வீடு எங்க இருக்கு?"

"கனடாவுல."

"தரகரே, நீங்க சொல்லுங்க. இது பையன் வீடா?"

தரகரு அங்க பாத்தாரு, இங்க பாத்தாரு. "இல்ல, பையன் வீடு கனடாவுல தான்னு நான் தான் சொன்னேன். ஆனா..."

"பாக்க வந்த வீட்டுல தான கை நனைக்கப்படாது? நான் பாக்க வந்த வீடு அந்தா டிவிக்குள்ள இருக்கு. அங்க நான் ஒண்ணும் தின்னல. நான் தின்னது ஹட்டன்ல. ஹட்டன்ல நான் தின்னா எவனுக்கு என்னா? மார்க்கட்டு பக்கம் போனா எப்பவும் தான் திங்கிறேன்."

எனக்கே ஆச்சரியமா இருந்திச்சு. இருந்த ஒரு முட்டாத்தனத்துக்கு மேல இன்னொண்ண அடுக்கினா சில நேரம் செவரு மாதிரி நிக்குது. டிவிக்குள்ள பையன் வாய பொத்திக்கிட்டு சிரிக்கிறாரு. என் மகளும் குனிஞ்சுக்கிட்டா, தோளு குலுங்குது.

கணக்கப்பிள்ளைக்கு கோவம் வந்திருச்சு. பழைய கொரலு வெளிய வந்திச்சு, மலையில நின்னு ஆளுங்கள வெரட்டுற கொரலு. "அப்ப அங்க போயி தின்னுட்டு வாய்யா! போவியா? உன்னால கொழும்புக்கு போக முடியுமா, கனடாவுக்கு போறியா? ப்ளேனு எவ்வளவு நேரம் போகும்னாவது தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க. அத தான் நானும் நாலு மாசமா எல்லார்கிட்டயும் கேக்குறேன். ஒருத்தன் பதினாலுங்குறான், ஒருத்தன் பதினெட்டுங்குறான். இந்த ரூமுல இருக்குற ஒரு பயலும் போனதில்ல, நீங்களும் தான்." அப்புறம் டிவிய பாத்தேன். "போனவரு நீங்க ஒருத்தரு தான் தம்பி. நீங்க சொல்லுங்க. கட்டுநாயக்காவுல ஏறி உங்க வீட்டு கதவுக்கு போய் சேர எவ்வளவு நேரம் ஆச்சு?"

கேலியா தான் கேட்டேன். கணக்கப்பிள்ள வாய அடைக்க கேட்டேன், வேற ஒண்ணும் மனசுல இல்ல.

பையன் சிரிப்ப நிறுத்தினாரு. போன்ல கோளாறோன்னு தரகரு டிவி கிட்ட போயி பாத்தாரு.

"பதினொரு மாசம் மாமா"ன்னாரு.

"என்னா?"

"பதினொரு மாசம். ப்ளேன்ல இருந்தது கொஞ்சம் தான். ஏஜென்ட் டுபாய்ல எறக்கினான். அப்புறம் எங்கெங்கயோ கொண்டு போனாங்க, ஊரு பேரு கூட எனக்கு சரியா தெரியாது. ஒரு ரூமுல எங்கள பூட்டி வச்சிருந்தாங்க, நாள் கணக்கு விட்டுப் போச்சு. லொறியில கொஞ்சம், படகுல கொஞ்சம், காட்டுக்குள்ள நடை."

"போதும்டா," கணக்கப்பிள்ள ரிமோட்ட எடுத்தாரு.

"ஆஃப் பண்ணாதீங்கப்பா. அந்த புள்ள கேக்கணும்ல."

ரிமோட்டு அவரு கையிலயே நின்னிச்சு. அமுக்கல. அவருக்கு விசயம் தெரியும்னு எனக்கு அப்ப வெளங்கிச்சு. தெரியாம இருந்தது அந்த அம்மாவுக்கு தான். குங்குமச் சிமிழோட அப்புடியே நின்னாங்க.

"ஹோட்டல்ல இருக்கேன்னு சொன்னியேடா," அவங்க டிவிய பாத்து கேட்டாங்க. "போன் பண்ணுறப்ப எல்லாம் ஹோட்டல்ல தானே இருக்கேன்ன? என்னாடா தின்ன அங்க எல்லாம்?"

பையன் போன மறு கைக்கு மாத்தினாரு.

என் மக தான் பேசினா. மருந்துக் கடையில சீட்ட வாங்கிட்டு ஆளுங்ககிட்ட பேசுற மாதிரி, மெதுவா.

"திரும்பி வர முடியுமாங்க?"

"இப்ப முடியாது. பேப்பர் வரல. அகதி கேஸ் நடக்குது. வந்தா மறுபடி உள்ள போக முடியாது."

"நான் வந்தா?"

"நீங்க எப்புடி வர்றதுன்னும் தெரியாதுங்க. ஏஜென்ட் தான் பாத்துக்குவாருன்னு இவங்க பேசிக்கிட்டாங்க." கண்ண கசக்கினாரு. "அந்த வழியில நீங்க வர வேணாம். நானே சொல்றேன். எங்கூட வந்ததுல பொம்பளைங்களும் இருந்தாங்க."

தரகரு அவரோட குடைய தேடினாரு. மழையே இல்ல, ஆனா குடைய புடிச்சுக்கிட்டு நின்னா ஆளு பாதி போயிட்ட மாதிரி தானே.

"உண்மைய சொன்னீங்க, சந்தோசம்," மக எழும்பினா. "நான் வரலீங்க. ஒடம்ப பாத்துக்கோங்க. கண்ணு ரொம்ப செவந்திருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க."

"சரிங்க"ன்னாரு அந்த பையன். அவ்வளவு தான். என் மகளுக்கு வந்த எடத்துலயே அது தான் நல்ல பையன்னு எனக்கு படுது, என்னா பண்றது.

வெளிய வந்து செருப்ப போட்டேன். கணக்கப்பிள்ள வாசல் வரைக்கும் வந்தாரு. ஏச போறாருன்னு நெனச்சு நானும் நாலு வார்த்த தயாரா வச்சிருந்தேன். அவரு, "வெளிய சொல்லிடாதீங்க"ன்னாரு. என் காலுல கெடந்த பிஞ்ச செருப்ப பாத்துக்கிட்டு தான் சொன்னாரு, என் மொகத்த பாக்கல. வச்சிருந்த நாலு வார்த்தைய அப்புடியே திரும்பி கொண்டாந்துட்டேன்.

தரகரு மட்டும் ஹட்டன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எங்க பின்னாலயே வந்தாரு. "அண்ணே, எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே. ரொமேனியாவுல ஒரு பையன் இருக்கான், கார்மென்ட்ஸ். தூரமும் பாதி தான்."

"பேசாம அந்த கொழும்பு தேத்தண்ணிக் கடைப் பையன பத்தி ஏன் ஒரு தடவயாவது சொல்ல மாட்டேங்குறீங்க?"ன்னு மக கேட்டா.

"அவன் இங்கயே இருக்கானேம்மா. அவனுக்கு தரகு எதுக்கு?"

இவருக்கு கோவில்ல ஒரு சிலை வைக்கலாம். நாய் ஒண்ணுக்கு அடிக்க எடம் வேணும்ல.

பஸ்ஸுல பொண்டாட்டிக்கும் மகளுக்கும் எடம் கெடைச்சிச்சு, நான் கம்பிய புடிச்சுக்கிட்டு நின்னேன். கொட்டகல தாண்டினதும் பொண்டாட்டி ஆரம்பிச்சா. "நாளைக்கு பீலியில கேப்பாளுகளே. நான் என்னா சொல்ல?"

"நான் வேணாம்னுட்டேன்னு சொல்லுங்கம்மா."

"கனடாவ வேணாம்ன்னவளுக்கு என்னா கொறையோன்னு பேசுவாளுக. அப்புறம் எவன் வருவான் உன்ன கேட்டு?"

"அப்ப பையனுக்கு பேப்பர்..." மக பாதியில நிறுத்தினா. "இல்ல, அத சொல்லப்படாதும்மா. அந்த அம்மாவுக்கே இன்னைக்கு தான் தெரியும்."

ரெண்டு பேரும் சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு இருந்தாங்க. தேயிலைய தவிர பாக்க ஒண்ணும் இல்ல.

"எம்மேல போடு"ன்னேன்.

"என்னான்னு?"

"போன எடத்துல அந்தாளு மானங்கெட்ட தனமா தின்னான், சம்பந்தி வீட்டு லயம் சரியில்லன்னு சண்ட போட்டான், அவங்க வெரட்டி விட்டுட்டாங்க. அப்புடி சொல்லு."

கொஞ்சமாவது யோசிப்பா, அப்புடி எல்லாம் சொல்ல முடியாதுங்கன்னு ஒரு வார்த்த சொல்லுவான்னு பாத்தேன்.

"ஆமா. அத நம்புவாளுக"ன்னா.

மறுநா காலையில கத்திய தீட்டிக்கிட்டு இஸ்தோப்புல உக்காந்திருந்தேன். பீலியில அவ கொரலு இங்க வரைக்கும் கேட்டிச்சு. நல்லா தான் சொன்னா. நான் ஒரு ரோல்ஸ் தின்னேன், அவ, நான் தட்டோட எடுத்து மடியில வச்சிக்கிட்டதா சொன்னா. கணக்கப்பிள்ளைய லயத்துக்காரான்னு கூப்பிட்டேன்னா. போற போக்குல அந்த வீட்டு டிவியயும் தள்ளி விட்டுட்டேன்னா, அது மட்டும் கொஞ்சம் கூடிப் போச்சு. பொம்பளைங்க சிரிப்பு சத்தத்துல பீலித் தண்ணி சத்தமே கேக்கல. "இந்த ஆள வச்சுக்கிட்டு நீ எப்புடி தான் குடும்பம் நடத்துறியோ"ன்னு டோஹாக்காரன் அம்மா கேட்டா. மக பேரு அதுல ஒரு தடவ கூட வரல. அந்த பையன் பேரும் வரல.

மக உடுத்திக்கிட்டு பைய தூக்கிக்கிட்டு வெளிய வந்தா. "போய்ட்டு வாறேம்ப்பா."

பெரட்டுக்கு இன்னும் நேரம் இருந்திச்சு. கத்திய வச்சிட்டு நானும் ரோட்டு வரைக்கும் அவகூட எறங்கினேன். பீலிய தாண்டுறப்ப எல்லாரும் வாய மூடிக்கிட்டு கொடத்த பாத்தாங்க. பத்தடி தள்ளி போனதும் மறுபடி சிரிப்பு வெடிச்சிச்சு, அதுல பெரிய சிரிப்பு என் பொண்டாட்டியோடது.